இடதுபக்கப் பின் புஷ்

எங்கள் கோப்பாய்க் கராஜுக்கு அந்தப் பழைய ஏ-40 கார் வந்தபோது, காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிட்டது. வருத்தக்காரர் படுக்கையில் புரளும்போது முனகுவது போன்ற சத்தம். ரப்பர் புஷ் தேய்ந்தால் கார் முனகுவது வழக்கம்தான். ஆனால் இது கார் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஓட்டி வந்தவர் சாவகச்சேரிச் சிவபாலன், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குப் பின் சீற்றில் மனைவி ராணி.

"அண்ணை, ரண்டு கராஜிலை புஷ் மாத்தியாச்சு. ரண்டு தரமும் இடப்பக்கப் பின் புஷ் மட்டும் கொஞ்ச நாளிலை நசிஞ்சு போகுது. போன மழைக்குள்ளை கைதடிப் பக்கம் கார் பின்பக்கம் இழுபட்டு மதகிலை மோதப் பாத்தது. இந்தமுறையும் சரிவராட்டி விக்கப்போறன்."

"வித்தால் நான் ஆசுப்பத்திரிக்கு வரமாட்டன்," என்றார் ராணி.

ராணிக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாராவாரம் யாழ்ப்பாணம் போகவேண்டும். வேறு வாகனத்தில் ஏறமாட்டார்.

"ஒருக்கால் ஓட்டோ பிடிச்சன். ஏறமாட்டன் எண்டு வாசல்லை நிண்டுட்டா. ஒரு தரம் தவறினதுக்கே முகம், கால் எல்லாம் வீங்கிப்போச்சு. இன்னொருக்காத் தவறினால் ஆள் தப்பாது அண்ணை," என்றார் சிவபாலன்.

ஸ்பிரிங் பட்டையின் நுனியில், இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் இருக்கிற ரப்பர் வளையத்தைத்தான் புஷ் என்கிறோம். கழற்றிப் பார்த்தேன். வலப்பக்கம் புதிதுபோல இருந்தது. இடப்பக்கம் தட்டையாக நசிந்து கிடந்தது. எனக்கு விளங்கவில்லை. ஓட்டுபவரும் வலப்பக்கம், ராணியும் வலப்பக்கம். தேய்ந்தால் அந்தப் பக்கம்தான் தேயவேண்டும்.

"இடப்பக்கம் ஆர் தம்பி இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"மகன் இருக்கிறவன்," என்றார் ராணி.

சிவபாலன் என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஒரே மகன் குகன். எப்போதும் அந்த இடத்தில்தான் இருப்பானாம். சண்டைக் காலத்தில் ஒருநாள், இந்தா வாறன் என்று சந்தியில் இந்தக் காரை விட்டு இறங்கிப் போனவன் திரும்பவில்லை.

"அவன் இன்னும் அதிலை இருக்கிறான் எண்டு சொல்லுவா. ஒரு பையைக்கூட அதிலை வைக்க விடமாட்டா. எனக்கு அலுத்துப்போச்சு அண்ணை."

இப்படியான கதைகளுக்கு நான் காது கொடுப்பதில்லை. கராஜுக்குப் பேய் வந்தால் ஸ்பானரைக் கொடுத்து வேலை வாங்குவேன் என்று பகிடி விடுகிற ஆள் நான். முதல் இரண்டு கராஜ்காரரும் காரை ஜக் போட்டுத் தூக்கி வைத்தபடியே இடப்பக்க நட்டை இறுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இறுக்கினால், காரை இறக்கும்போது ரப்பர் முறுகி, கொஞ்ச நாளில் செத்துவிடும். எங்கள் முறை வேறு. புது புஷ் போட்டு, நட்டைத் தளர்வாக விட்டு, காரை நிலத்தில் இறக்கி, வழக்கமாகப் போகிறவர்களை அவரவர் இடத்தில் இருத்திவிட்டுத்தான் கடைசி இறுக்கு இறுக்குவோம்.

புது புஷ் போட்டு, கீழே இறங்கி வேலைசெய்கிற குழிக்கு மேல் காரை நிறுத்தினோம். நல்ல வெயில் நேரம். மற்ற வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சிவபாலனும் ராணியும் ஏறினார்கள். நான் ஸ்பானரோடு குழிக்குள் நின்றேன். வலப்பக்கம் தாழ்ந்தது, இறுக்கினேன். இடப்பக்கம் அசையவில்லை. அந்த நட்டில் ஸ்பானரை மாட்டினேன்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் ராணி. "அவன் இன்னும் ஏறேல்லை."

"இவவின்ரை கதையைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. இறுக்குங்கோ," என்றார் சிவபாலன்.

ஏனோ கை நின்றுவிட்டது. அப்போது இடப்பக்க ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல அமர்ந்தன. சேறு உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. என் விரலுக்குக் கீழே இரும்பு பின்னுக்குச் சாய்ந்தது. மெலிந்த இளந்தாரி ஒருவன் ஏறி இருந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு. இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான், அந்த அளவு எனக்குத் தெரியும். வெளியே யாரும் நின்று காரை அழுத்துகிறார்களோ என்று குழி விளிம்பால் எட்டிப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் வெயில் கிடந்தது. கால்கள் எதுவும் இல்லை.

"இப்ப இறுக்குங்கோ," என்றார் ராணி.

பயந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? சொன்னபடி இறுக்கினேன்.

மேலே ஏறி வந்தபோது சிவபாலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பின் சீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் தாழ்ந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் இறங்கியதும் வலப்பக்கம் எழும்பியது. இடப்பக்கம் தாழ்ந்தபடியே நின்றது. ராணி கணவரின் முகத்தையே பார்த்தார்.

சிவபாலன் காரைச் சுற்றி வந்து இடதுபக்கப் பின் கதவைத் திறந்தார்.

"இறங்கு தம்பி," என்றார். "அப்பா தேத்தண்ணி வாங்கித் தாறன்."

ஸ்பிரிங் மெல்ல எழும்பியது.

அந்த புஷ் இன்னும் தேயவில்லை. முனகலும் இல்லை. ராணி ஒரு வாரமும் தவறாமல் ஆசுப்பத்திரிக்குப் போய்வருகிறார். காரை விற்கும் பேச்சு வீட்டில் இல்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காருக்குள் எத்தனை பேர் என்று நீங்களாக எட்டிப் பார்த்து எண்ணாதீர்கள். வந்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எல்லாரும் ஏறியாயிற்று என்று சொன்ன பிறகு நட்டை இறுக்குங்கள்.