நெத்திலி அறுக்காத கத்தி

என் கணவரின் விரலளவு மடக்குக் கத்தி, அவர் இறந்தபின் பயணங்களில் பழம் நறுக்க என்னோடு வரும். போன வருடம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அளந்து பார்த்து, "சின்னதுதான், கொண்டு போங்க" என்றார்கள். இந்த முறை அதே இடத்தில், "விதி மாறிடுச்சு, தொட்டியில போடுங்க" என்றார் காவலர். என் பெட்டியோ ஏற்கெனவே விமானத்துக்குப் போய்விட்டது. கத்தி ஒரு நூல்கூட வளரவில்லையே! என் கணவர் கைபட்டதைக் குப்பையில் போடச் சொல்ல இவர்கள் யார்?

கத்தியோடு வாசலுக்கு ஓடினேன். துபாய்க்குப் போகும் ஒருவனை வழியனுப்ப இனயத்திலிருந்து வேன் நிறைய வந்தவர்கள் இன்னும் கலையாமல் நின்றார்கள். உள்ளே நுழையும்போது வழியை அடைத்ததற்காக நான் முறைத்த அதே கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் மீன் விற்கும் ஓர் அம்மாள் கத்தியை விரித்துப் பார்த்தார்.

"இதுக்கா பயப்படுகானுவ? இதுல நெத்திலிகூட அறுக்க முடியாதே மக்கா! வீடு எங்க?"

"குலசேகரம். சந்தைக்குப் பின்னால பச்சை கேட்."

"நாங்க போற வழிதான். நீ ஓடு."

ஊர் திரும்பியபோது கத்தி பக்கத்து வீட்டில் இருந்தது, தேங்காயெண்ணெய் தடவி.

அந்த விதியின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அன்று என் அடையாள அட்டையை வாசல்தோறும் சோதித்தார்கள். அந்த அம்மாள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கடலோர இனயத்துக்குப் போகிற வேனுக்கு, மலைப்பக்கத்துக் குலசேகரம் வழியே இல்லை.