டச்சுக் கோட்டையில் விழுந்த டச்சுக்காரன்

போர் வரலாறு படிக்க நெதர்லாந்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் டானை இன்று சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு அழைத்துப் போனேன்.

உள்ளே கல்யாண போட்டோ ஷூட். மாப்பிள்ளை ராஜா வேஷத்தில், கையில் அட்டைக் கத்தியோடு நின்றார்.

“இவர் எந்த அரசர்?” என்று டான் கேட்டதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“எந்த ராஜாவா இருந்தா இன்னா? கிரீடம் நேரா கீதா பாரு.”

கேமராமேனுக்கு யோசனை வந்துவிட்டது. “அண்ணாத்த, வெள்ளக்காரன் சும்மாதான நின்னுகினு கீறான்? எதிரியா படுக்கச் சொல்லு.”

டான் சிரித்துக்கொண்டே படுத்தான். மாப்பிள்ளை அவன் நெஞ்சில் கால் வைத்தார், ஷூவோடு.

“டச்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தது ஆங்கிலேயர்கள்” என்றேன்.

“ரெண்டும் வெள்ளதான, வுடுப்பா!” என்றார் மாப்பிள்ளை.

இந்தப் படம்தான் மண்டப வாசலில் பேனராம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், மாப்பிள்ளை எந்தப் போரில் ஜெயித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். டான் ஆய்வேட்டில் எழுத வேண்டுமாம்.