அத்தானின் இடது கால்

என் அக்கா கணவர் பிறருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவருக்கு இடப்பக்க இருக்கை. வலது காலுக்குக் கீழே அவருக்கென்று தனி பிரேக். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது அந்த பிரேக்கின் தயவில்தான் என்பார். சும்மா அளக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவரிடம் நானே ஓட்டப் பழகிய பிறகு அப்படி நினைப்பதில்லை.

போன வருடம் அவருடைய இடது பாதம் மரத்துப்போனது. பிறகு கட்டைவிரல் மேலே எழும்ப மறுத்தது. நடந்தால் செருப்பு கழன்று தனியாக முன்னே போனது. அக்கா காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கெட்டவர் இல்லை. வெளியே கூட்டம் முண்டியடித்தது, அவ்வளவுதான். முதுகைப் படம் எடுத்ததில் எலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு பிதுங்கியிருந்தது. இந்த வயதில் எந்த முதுகைத் தேடினாலும் ஏதாவது ஒன்று பிதுங்கித்தான் இருக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அதுதான் கால் நரம்பை அழுத்துகிறது என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் மறுநாளே சம்மதித்தார்கள். அவர்கள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டி நான் பார்த்ததில்லை. அன்றே நான் வேறு டாக்டரை விசாரிக்க ஆரம்பித்தேன்.

"முதுகுல கத்தி வச்சா, அப்புறம் நான் வண்டியில உக்கார முடியுமா டாக்டர்?" என்று அத்தான் கேட்டார்.

"பாக்கலாம்" என்றார் டாக்டர், அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டே.

அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது. அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எந்தக் காப்பீட்டுப் பட்டியலிலும் சேராத நரம்பு டாக்டரம்மா ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். காலையில் ஓரிருவர், மாலையில் ஓரிருவர், அதற்கு மேல் பார்க்க மாட்டாராம். செலவு நம் கையிலிருந்து. "பேசறதுக்கா காசு?" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பயிற்சி வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன்.

உள்ளே போனதும் அத்தான் பழக்க தோஷத்தில், "இடது பாதம் மரத்துப்போச்சு, கட்டைவிரல் எழும்பல, சர்க்கரை இல்ல" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு எழுந்து நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க. அன்றாடம் என்ன வேலை பண்றீங்க, அதைச் சொல்லுங்க. மெதுவா."

அத்தான் சொன்னார். கிளச்சைப் பற்றியே ஒரு பாட்டம் சொன்னார். எனக்குக் கொட்டாவி வந்தது, அந்த அம்மாவுக்கு வரவில்லை. படங்களைப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கடைசியில் எழுந்தார்.

"வண்டி கீழதானே நிக்குது? வாங்க, நான் ஓட்டறேன். நீங்க உங்க சீட்ல உக்காருங்க."

அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் நான் மட்டும் ஏறினேன். டாக்டரம்மா ஓட்டியதை மரியாதையாக விவரிக்க வழியில்லை. முதல் திருப்பத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார். அடுத்த திருப்பத்தில் சாலையையே விட்டுவிட்டு அத்தானின் கால்களைப் பார்த்தார். வலது கால் பிரேக்குக்குத் தாவ, இடது கால் கதவில் இருந்த கண்ணாடி இறக்கும் கைப்பிடியில் முட்டுக்கொடுத்து இறுகியது.

"முன்னாடி பாருங்கம்மா!" என்று அலறி அத்தானே பிரேக் போட்டார்.

டாக்டரம்மா நிதானமாகக் குனிந்து, அவருடைய இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தட்டினார். அத்தான் துள்ளினார்.

"ஐயோ, பாதத்துல ஷாக் அடிக்குது!"

"முதுகு இல்லன்னு நினைக்கிறேன் சார். இந்த இடத்துல நரம்பு எலும்பை ஒட்டிப் போகுது. அதைத்தான் தினமும் கதவுல வச்சு நசுக்கறீங்க. ஒரு டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்திக்கலாம். இதை ஏன் அங்க சொல்லல?"

"கால எங்க வைக்கிறேன்னு யாரும் கேக்கலயேம்மா."

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதுகுக்கும் போடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. டெஸ்டும் அந்த அம்மா சொன்னதையே சொல்ல, ஆபரேஷன் நின்றது. கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கதவில் ஸ்பாஞ்சு ஒட்டினார்கள். காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் காலை, செருப்பு மாட்டப் போன அத்தான், "இங்க வா" என்று அக்காவைக் கூப்பிட்டார். கட்டைவிரல் ஒரு நெல்லளவு எழும்பி இறங்கியது.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"விடு, கிளாசுக்கு நேரமாச்சு" என்றார் அத்தான். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.