கற்பாலத்தில் வெறுங்காலோடு

இப்போது நாங்கள் வசிக்கும் லின்ஃபீல்டில் இன்று காலை மழை விட்டதும், வீட்டுக் கல்மதிலிலிருந்து ஈர வாசம் எழுந்தது. எண்பதுகளில் நாங்கள் அகதிகளாக இருந்த சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கின் கற்பாலம் நினைவுக்கு வந்தது.

பல நூறு ஆண்டுகளாக ஆற்று வெள்ளத்துக்கு அசையாத பாலம் அது. நடுவில் ஒட்டக முதுகுபோல் உயர்ந்திருக்கும். அதைப் படம்பிடிக்கவென்றே ஆட்கள் வருவார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் மூச்சு இழுத்து, உதடு நீலமாகிவிட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். டொக்டர் அக்கரையில் இருந்தார். பாலம் முழுக்க உறைபனி.

அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தார், வழுக்கியது. உடனே சப்பாத்துகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கீழே ஆறு இரைந்தது.

"கண்ணை மூடு பிள்ளை, என்னை இறுக்கிப் பிடி."

ஒருமுறைகூட அவர் நிற்கவில்லை. அக்கரையில் மருந்து கொடுத்து என் மூச்சைச் சீராக்கியதும், அம்மாவின் மரத்துப்போன பாதங்களை டொக்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தார்.

குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அண்டைக்கு உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ, அம்மா?"

"ஏன் இல்லை? ஆனா உன்னை எங்கை இறக்கி வைக்கிறது?" என்றார்.