கோலுக்கு முட்டை, கோல்கீப்பருக்கு ஒன்றுமில்லை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நாலாம் வரிசை ஸ்டீபன் மாமா, தம் எட்டு வயது மகன் இந்தச் சனிக்கிழமை போடப்போகும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பாட்டில் கலர்தண்ணி வழங்குவதாக முடிவு செய்திருக்கிறார். வானம் இடிந்து விழவில்லை. ரயில்கள் வழக்கம்போல் தாமதமாக ஓடுகின்றன.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் என்று கேட்பவர்கள் இந்தக் கையெழுத்து ஏட்டில் மேற்கொண்டு படியுங்கள். கேட்காதவர்களும் படியுங்கள், எழுதிய கை வலிக்கிறது.

தோலும் பன்றிக்கொழுப்பும் கலந்த ஒரு வாசனை... ஆறு வருஷத்துக்கு முன், எனக்குப் பதினொரு வயதில், அந்தோணி பக்கத்தில் வந்தாலே அந்த வாசனைதான். அவன் எங்கள் கோல்கீப்பர். அவன் அப்பா சூசை மாமாவுக்கு ஒர்க்‌ஷாப் துரை ஒருவர் பழைய தோல்பந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். குவார்ட்டர்ஸுக்கே அது ஒன்றுதான் உண்மையான பந்து. அந்தோணி அதற்கு வாராவாரம் கொழுப்பு தடவுவான், உள்ளே இருக்கும் ரப்பர் பிளேடருக்கு ஒட்டுப் போடுவான், படுக்கும்போது பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான்.

கிள்ளான் ஊர்ப் பையன்களிடமும் ஒரு தோல்பந்து இருந்தது. ஆடுவோம், தோற்றவன் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தோணி உடனே ஒத்துக்கொண்டான். அவன் கோலில் நின்று நாங்கள் தோற்றதே கிடையாது.

பிறகுதான் அப்பாமார்கள் உள்ளே புகுந்தார்கள்.

என் அப்பா என்ஜினில் கரி தள்ளுபவர். ஒரு கோல் போட்டால் என்னை என்ஜினில் ஏற்றி போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் வரை கூட்டிப்போவதாகச் சொன்னார். சூசை மாமா விடுவாரா? கோலுக்கு ஒரு அவித்த முட்டை என்றார். இன்னொரு வீட்டில் புது டிரவுசர். அடுத்த வீட்டில் படம் பார்க்க டிக்கெட். ஒரே வாரத்தில் குவார்ட்டர்ஸ் பாசார் மாதிரி ஆகிவிட்டது.

பாஸ் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று எந்த வீட்டிலும் பேச்சில்லை. கோலைத் தடுத்தால்? அதுவும் இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. பத்து மாப்பிள்ளைகள், ஒரே பெண். பந்து எங்கே போனாலும் மொத்தக் கல்யாண ஊர்வலமும் பின்னால் ஓடியது. பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான், கூட ஓடுகிறவனை எதிரியாகப் பார்த்தான். ஓரத்தில் அப்பாமார்கள் அவரவர் பிள்ளை பெயரை மட்டும் சொல்லிக் கத்தினார்கள். அணியின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்து ஆடியவன் ஒருவன் உண்டு என்றால் அது அடியேன்தான். அடக்கத்தோடு சொல்கிறேன். டிரவுசர் பையன் போட்ட எங்கள் ஒரே கோலுக்கு பாஸ் கொடுத்தது என் வலதுகால்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கிள்ளான்காரன் அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்த அந்தோணி, அதை எங்களுக்கு எறியவில்லை. கீழே போட்டு, தானே உருட்டிக்கொண்டு வந்தான். கோல் காலி. நான் குறுக்கே ஓடினேன்.

"டேய், திரும்பிப் போடா. கோல்ல யாருடா நிக்கிறது?"

"நீ போய் நில்லுலா."

"பந்து போயிடும்டா அந்தோணி."

"காலையிலேருந்து எத்தன பிடிச்சேன், எங்கப்பா ஒரு தடவ கைதட்டுனாரா? தடுத்தா முட்டைன்னு யாராச்சும் சொன்னாங்களா? ஒரே ஒரு கோல் போட்டுட்டு வந்துடறேன், நவுரு."

நகர்ந்தேன். நடு மைதானம் தாண்டவில்லை, பந்தைப் பறிகொடுத்தான். கிள்ளான் கேப்டன் அவசரமே இல்லாமல் நடந்துபோய், காலி கோலுக்குள் பந்தைத் தள்ளிவிட்டு வந்தான்.

பந்தைக் கொடுக்க அந்தோணியேதான் போனான். சட்டையைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, கயிற்று முடிச்சைச் சரிபார்த்துக் கொடுத்தான். கொழுப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை தடவ வேண்டும் என்றும் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அப்பாமார்கள் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஏசினார்கள். "ஒத்துமையில்லாத பயலுங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் விட்டுக் கொடுக்கத் தெரியல," என்றார் சூசை மாமா. சொன்னது யார்? முட்டைக்காரர்! பக்கத்தில் நின்று தலையாட்டியது யார்? என்னைப் பெற்ற என்ஜின்காரர்! எங்களைப் பதினொரு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, ஏனடா ஒட்டவில்லை என்று எங்களையே கேட்டார்கள்.

அந்தோணி அதற்குப் பிறகு கோலில் நிற்கவில்லை. நாங்கள் பம்பளிமாஸ் பழத்தை உதைத்துக் காலத்தை ஓட்டினோம்.

இப்போது சிறுசுகளுக்கு மூன்று தோல்பந்து இருக்கிறது, இரண்டு பேருக்கு பூட்ஸ்கூட. நேற்று ஓரமாக நின்று பார்த்தேன். ஸ்டீபன் மாமாவின் மகன், தனியாக நின்றவனைப் பார்த்தும் பாஸ் கொடுக்கவில்லை. எங்களுக்கு ஒரே பந்து இருந்தது... ஆனாலும் அந்த வாரத்துக்கு முன்புவரை அது எல்லோர் காலுக்கும் வந்து போனது.

ஸ்டீபன் மாமாவிடம் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அங்கேதான் ஒரு சின்ன இடைஞ்சல்.

என்ஜினில் ஏற வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அப்பா மசியவில்லை. அதனால், மற்ற அப்பாக்கள் எல்லாம் கோலுக்குப் பரிசு தருகிறார்கள், சூசை மாமாகூட முட்டை தருகிறார் என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அன்றைக்கு யாரும் எதுவும் தருவதாக இல்லை. சூசை மாமாவுக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது. அப்பாவுக்கு ரோஷம் வந்து என்ஜினைச் சொன்னார். அதையும், தன் பெயரில் கிளம்பிய முட்டைப் பேச்சையும் கேள்விப்பட்ட பிறகுதான் சூசை மாமா முட்டையைச் சொன்னார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்தோணி, நீயும் இதைப் படிப்பாய். உன்னிடம் நேரில் சொல்லத்தான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்... வாய் வரவில்லை. இந்த வாரம் உங்கள் வரிசைப் பக்கம் நான் வரமாட்டேன். கோபம் தணிந்ததும் ஆள் அனுப்பு.