தவம் அண்ணை வைத்துவிட்டுப் போன சாக்கே

பேயாவது, பிசாசாவது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை நக்கலடித்திருப்பேன்! அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் போன கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

பாரிஸில், ரூ காய் தெருவில், தவம் அண்ணை இறந்த எட்டாம் நாள், அவர் வீட்டில் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று வெளியே காத்திருப்போமே... அதுதான்.

அண்ணை ஜப்பான் ரெஸ்டாரண்டில் சமையல். முதலாளி கொடுத்த உயர்ரக சாக்கே போத்தல் ஒன்றை ஃபிரிட்ஜில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. அதைக் குடிக்கும் முறையை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் முகர வேண்டும். பிறகு சின்ன மிடறு, நாக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். முக்கியமாக, தன் கிண்ணத்தில் தானே ஊற்றக்கூடாது — பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஊற்ற வேண்டும்.

அந்தப் போத்தலை மனைவியோடு திறக்க அவருக்கு ஆசை. ராணி அக்காவுக்கோ மதுவின் வாசமே ஆகாது. கடைசி நாள் காலையிலும் கேட்டிருக்கிறார். அக்கா எரிந்து விழுந்திருக்கிறார். வேலைக்குப் போன மனுஷன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் அக்காவுக்கு ஒரே கேள்வி.

“என்னோடை கோவத்திலைதான் போனவரோ?”



படையலில் கூழ், நண்டுக்கறி, சிகரெட். அக்கா தன் கையாலேயே போத்தலைத் திறந்து ஒரு கிண்ணத்தை நிரப்பினார். அதன் ஜோடிக் கிண்ணம் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. கதவைப் பூட்டி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசம். பழுத்த பேரிக்காய் வாசம், ஊதுபத்தியையும் மீறி. அண்ணையின் கிண்ணம் ஊற்றிய அளவிலேயே இருந்தது. பக்கத்துக் கிண்ணமும் நிரம்பியிருந்தது.

ஜன்னல்? உள்தாழ். யாராவது எழுந்து போனார்களா? ஒருவரும் அசையவில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்பதெல்லாம் மரியாதையான வார்த்தை... நான் நடுங்கிப்போனேன்.

அக்கா பயப்படவில்லை. அந்த ஜோடிக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். சின்ன மிடறு குடித்து, கண்ணை மூடி நாக்கில் வைத்திருந்தார். அவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

“கோவம் இல்லையாம்,” என்றார் மெதுவாக. பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

எனக்கும் ஊற்றித் தந்தார். மெல்லிய இனிப்பு, பிறகு மழைத் தண்ணீர் போலச் சுத்தமாக இறங்கியது. ஹீட்டர் போட்ட அறையில் அவ்வளவு நேரம் இருந்தும் சில்லென்று இருந்தது. குடித்து முடித்து நிமிர்ந்தால், அண்ணையின் கிண்ணம் காலி.

அக்கா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாராம். எனக்குத்தான் லைட்டை அணைக்கத் தைரியம் வரவில்லை.