போனவர்களின் நோட்டு

கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் ஏழு முறை வந்தது. எழுதி வைத்தவள் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அப்போது ஏழாம் வகுப்பு, பள்ளி மூடியிருந்தது. மாடி சன்னலிலிருந்து தெரு முழுவதும் தெரியும். பழைய கணக்கு நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன்: தேதி, வீடு, ஏற்றிக்கொண்டு போன நேரம். சைரன் கேட்டதும் சன்னலுக்கு ஓடுவேன். கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை.

அம்மாவும், எதிர் வீட்டில் குடியிருந்த அவள் தம்பியும், அதாவது என் மாமாவும், பீங்கான் ஃப்யூஸ் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மாமாவுக்குச் சூளையில் வேலை. சுட்டு வந்த சரக்கில் விரிசல் பார்த்துக் கழிப்பது அம்மாவின் வேலை. ஊரடங்கில் கம்பெனி மூடியதும் மாமா செல்போனே கதியென்று இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஊசி போட்டுக் கொன்று கிட்னியை எடுத்து விற்கிறார்கள் என்று ஒரு வீடியோ அவருக்கு வந்தது. தெருவில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. முந்தைய வாரம் அவர் சொன்ன கஷாயத்தைக் குடித்து அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் என் நோட்டை மாமா பார்த்தார். அதில் ஆறு வரிகள் இருந்தன.

"போனவங்க ஆறு பேரு. யாராச்சும் திரும்பி வந்தாங்களா பாப்பா?"

"நான் பாக்கல மாமா."

அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தெருவில் எல்லோருக்கும் அனுப்பினார். "இது போன்ல வந்த கதை இல்லீங்க, எங்க அக்கா பொண்ணு கண்ணால பாத்து எழுதுனது" என்று வாசலில் நின்று சொன்னார். என் கையெழுத்து அழகாக இருந்ததும் உதவியிருக்க வேண்டும். வீடியோவை நம்பாதவர்கள் நோட்டை நம்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் மாமாவின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மாலை அத்தைக்கு மூச்சு வாங்கியது. பரிசோதிக்க வந்த சுகாதாரத் துறைப் பெண் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மாமா வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படியில் நின்றார். அம்மா முகக்கவசத்தோடு தெருவில் நின்று கத்தினாள்.

"டேய், நான் கழிச்சுப் போட்டது கம்பெனி வாசல்ல மலையாட்டம் கெடக்குது. அதப் பாத்துட்டுப் போறவன், இங்க உடைசலத்தான் செய்யறாங்கன்னு சொன்னா ஒத்துக்குவியா? நல்லதெல்லாம் பொட்டிக்குள்ள லாரி ஏறிப் போவுது. அத எவன் பாத்தான்?"

"ஃப்யூசும் மனுசனும் ஒண்ணாக்கா?"

அம்மா மூன்றாம் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அது டெய்லர் வீடு. என் நோட்டில் இரண்டாவது வரி.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்க. எங்க வூட்டு நோட்டுல நீங்க செத்துட்டீங்க."

கழுத்தில் அளவு டேப்போடு டெய்லர் வாசலுக்கு வந்தார். "அப்ப உங்க தம்பி சட்டைய நான் தைக்க வேணாமா?"

அவர் திரும்பி வந்து நான்கு நாளாகியிருந்தது. தெரு ஒதுக்கிவிடும் என்ற பயத்தில் உள்ளேயே இருந்திருக்கிறார். தையல் மெஷின் சத்தத்தை அம்மா கேட்டிருக்கிறாள். மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினாராம். ஆட்டோவுக்குச் சைரன் கிடையாது. மதியத்தில் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன்.

மாமா டெய்லரை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தரு வந்துட்டாரு, சரி. மத்த அஞ்சு பேரு?"

கதவு உள்ளிருந்து திறந்தது. சுவரைப் பிடித்தபடி அத்தை நின்றாள். கையில் துணிப்பை.

"அந்த அஞ்சு பேரையும் நானே போயி பாத்துட்டு வரேன். வழிய வுடுங்க."

மாமா வழிவிட்டார். ஆறு நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஏழாவது வரியாக அதையும் எழுதினேன்.

முதல் ஆறு பேரில் இருவர் உண்மையிலேயே திரும்பவில்லை. அத்தை பதினோராம் நாள் வந்தாள். தெருவே கூடி நின்று கேட்டதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று மாமா இன்றும் சொல்கிறார்.

அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மணி மதியம் ஒன்றரை. அன்று தூங்காமல் சன்னலில் காத்திருந்தேன். நோட்டைத் திறந்து ஏழாவது வரிக்குப் போனேன். தேதி, வீடு, போன நேரம் என்று மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. வந்ததை எழுத எங்கும் இடமில்லை. நோட்டின் அகலம் போதவில்லை என்று நினைத்து, அப்பாவிடம் பெரிய நோட்டு ஒன்று வாங்கித்தரச் சொன்னேன்.